மாமரத்துக்கு ஒரு வசனம்

"மரமா?"

கமலவேணி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமாம்மா, மாமரம்," என்றான் ஜெகநாதன். நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து, தோள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பேசவே வேணாம். ரெண்டு கையையும் தூக்கிக்கினு நின்னா போதும்னு சார் சொல்லிட்டாரு."

"ராஜா யாரு?"

"மாரிமுத்து."

"மந்திரி?"

"மந்திரி ரெண்டு பேரும்மா. அஞ்சாங்கிளாஸ் பசங்க."

"ராஜாவுக்குக் குடை புடிக்க?"

"அதுக்கும் ஆள் இருக்குது."

"குடை புடிக்கக்கூட ஒரு ஆளு. என் பிள்ளை மட்டும் மரம்!"

ஜெகநாதன் மெதுவாக உள்ளே நழுவப் பார்த்தான். "எனக்கு மரமே நல்லாருக்குதும்மா."

அவனுக்கு நன்றாக இருந்தது. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் கமலவேணிக்குத் தீபாவளி, பொங்கலுக்கு அடுத்தபடி. மூத்தவள் கோகிலா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்பது விழா. ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. கோகிலா இரண்டாம் வகுப்பில் தாமரைப்பூவின் எட்டாவது இதழாக இருந்தாள். ஏழு இதழ்கள் பாட்டுக்கு ஏற்றபடி விரிந்தன. எட்டாவது இதழ் தூங்கிவிட்டது. பிறகு பெரிய சார் ஆண்டறிக்கை வாசிக்கும்போது திடீரென்று எழுந்து தனியாக விரிந்தது. நான்காம் வகுப்பில் தேவதையாக வந்தாள். இறக்கை திரையில் மாட்டிக்கொள்ள, திரை மேலே போனபோது தேவதையும் கூடவே அரை அடி மேலே போனாள்.

இதையெல்லாம் கோகிலாவின் அப்பா சண்முகசுந்தரம் பார்த்ததே இல்லை. வில்லியனூர் கடைத்தெருவில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. விற்ற பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவதும் அவரே. "சாயங்காலம்தான் கமலா வியாபாரம். கடைய யார்கிட்ட வுட்டுட்டு வர்றது? நீ பாத்துட்டு வந்து சொல்லு," என்பார்.

அவளும் வந்து சொல்வாள். சொல்வதாவது! சோறு பரிமாறிக்கொண்டே தாமரையாக விரிவாள், தேவதையாகத் தொங்குவாள், பெரிய சாராக இருமுவாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்பார். பிள்ளைகளை அவர் மேடையில் பார்த்ததெல்லாம் பெண்டாட்டியின் வாய் வழியாகத்தான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு, ஆத்திரமும் உண்டு.

இந்த வருஷம் ஆத்திரம் முந்திக்கொண்டது.

"பையன் மொத தடவையா மேடை ஏர்றான். நீங்க வந்தே ஆவணும்."

"மரந்தானே கமலா? கடையிலேர்ந்தே மனசால பாத்துக்கிறேன்."

"மரமா இருந்தா வர மாட்டீங்க, ராஜாவா இருந்தா மட்டும் வந்துடுவீங்களா? சொல்லிட்டேன். இந்தத் தடவை நீங்க வரலேன்னா, நான் வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்ன நடந்துதுன்னு உங்களுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது."

சண்முகசுந்தரம் சோற்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஆனால் வாயில் என்னவோ பழைய பதிலே வந்தது. "பாக்கலாம், பாக்கலாம்."

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாடகத்தை எழுதியவரும் நடத்துபவரும் சௌந்தரராஜன் சார். ஒல்லியான மனிதர். பெற்றோர் யாராவது வந்தால் கரும்பலகையோடு ஒட்டிக்கொள்வார்.

"மரம் பேசினா இன்னா சார் தப்பு?"

"மரம் பேசாதுங்களேம்மா."

"ராஜா பேசறான்ல? நம்ம ஊர்ல எந்த ராஜாவப் பாத்துட்டு நீங்க எழுதினீங்க?"

சார் யோசித்தார். கமலவேணி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் மாமரத்துக்கு வசனம் வந்துவிட்டது. அரசன் அரியணை செய்ய மரத்தை வெட்ட வருவான். உடனே மரம் வாய் திறந்து, "மன்னா, என்னை வெட்டாதே! என் நிழலில்தான் உன் குடிகள் இளைப்பாறுகிறார்கள்!" என்று சொல்லும். அரசன் மனம் திருந்துவான்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ஜெகநாதனின் நிம்மதி போயிற்று.

"அம்மா, நான் பேசாத மரமாவே இருக்கேம்மா."

"சும்மா இருடா. ரெண்டே வரி."

இரண்டு வரியை அவன் பத்து நிமிஷத்தில் மனப்பாடம் செய்துவிட்டான். சுவரைப் பார்த்துச் சொன்னால் கணீரென்று வந்தது. ஆளைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொண்டது. கமலவேணி முதலில் அடுத்த வீட்டு அமிர்தத்தின் ஆட்டைக் கொண்டுவந்து எதிரில் கட்டினாள். ஆட்டிடம் அழகாகச் சொன்னான். ஆட்டை ஓட்டிப் போக அமிர்தம் வந்து நின்றாள். "மன்னா" வரைக்கும் வந்தான். அப்புறம் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"அக்கா, கொழந்தை பயப்படுது. வுட்டுடேன்," என்றாள் அமிர்தம்.

"பயம் கண்ணாலதான் வருது அமிர்தம். ஜனங்கள அவன் பாக்கவே கூடாது. மரத்துக்குள்ள மூடிட்டா?"

காகிதத்தில் கிளை செய்து கையில் கட்டுவதாக இருந்த திட்டம் அன்றே கைவிடப்பட்டது. கூடை முடையும் வீரப்பன் வரவழைக்கப்பட்டான். நெல் கொட்டும் குதிர் மாதிரி மூங்கிலில் ஒரு கூடு, மேலே சாக்கு, சாக்குக்கு மேலே காவி வண்ணம், மூச்சு விட இரண்டு ஓட்டை, கை நுழைக்க இரு பக்கமும் சாக்குக் கிளை.

"அளவு இன்னாம்மா?" என்றான் வீரப்பன்.

யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தாலும் செருப்பு வாங்கினாலும் கமலவேணி சொல்லும் வார்த்தை ஒன்றுதான். அதையே இப்போதும் சொன்னாள்.

"வளர்ற பிள்ள. கொஞ்சம் தாராளமாவே போடு."

மூன்றாம் நாள் வீரப்பன் கொண்டுவந்து இறக்கிய கூடு வாசற்கதவில் நுழையவில்லை. உள்ளே ஜெகநாதனை நிற்க வைத்தால், கிணற்றில் விழுந்த பிள்ளையைப் போல அடியில் எங்கோ நின்றுகொண்டு, "அம்மா, ஓட்டை எங்கம்மா இருக்குது?" என்று கத்தினான். கடையிலிருந்து உயரமான முக்காலி ஒன்று வந்தது. அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். இப்போது மூக்குக்கு ஓட்டை கிடைத்தது. ஆனால் கால் உதறியது. கால் உதறினால் முக்காலி ஆடியது. முக்காலி ஆடினால் மரமே தலையாட்டியது.

"காத்துல ஆடற மாதிரி நல்லாத்தான் இருக்குது," என்றாள் அமிர்தம்.

பயம் போகட்டும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வைத்ததில், விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கமலவேணி பனங்கற்கண்டும் மிளகும் சுக்கும் போட்டு மணிக்கொரு தடவை ஊற்றினாள். குரல் தெளிவதற்குப் பதில் வயிறு கலங்கியது. மரத்துக்குள்ளிருந்து அவன் அடிக்கடி இறங்கி ஓட வேண்டியிருந்தது.

விழா நாள் காலையில் பார்த்தால், சாக்கில் ஒட்டியிருந்த காகித இலைகளில் பாதியை அமிர்தத்தின் ஆடு தின்றிருந்தது.

கமலவேணி உட்கார்ந்து அழவில்லை. அமிர்தத்தின் தம்பிக்கு நெட்டப்பாக்கம் பக்கத்தில் மாந்தோப்பு இருந்தது. உடனே அமிர்தத்தையே பஸ் ஏற்றி அனுப்பினாள். மத்தியானம் பஸ் கூரையில் ஒரு தோப்பே வந்து இறங்கியது. நல்ல கொப்பும் குழையுமாக, பூவோடு பச்சை மாங்கிளைகள். சாக்கு தெரியாமல் சுற்றிக் கட்டினார்கள். மரம் அசல் மரமாகவே ஆகிவிட்டது.

"இலையெல்லாம் சேத்துச் சேத்து கூடு மாதிரி ஒட்டிக்கினு இருக்குதே அக்கா," என்றாள் அமிர்தம்.

"நல்லதாப் போச்சு. உதிராது," என்றாள் கமலவேணி.

மூன்று மணிக்கு மரத்தைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். கடைத்தெரு வழியாகப் போகும்போது சண்முகசுந்தரம் கடைப் படியில் நின்று பார்த்தார். கமலவேணி அவர் பக்கம் திரும்பாமலே உரக்கச் சொன்னாள்.

"நாலு மணிக்கு ஆரம்பம். நாற்காலி போட்டு வெச்சிருப்பேன்."

மேடைக்குப் பின்னால் ஜெகநாதனைச் சௌந்தரராஜன் சார் கையில் ஒப்படைத்தாள். பையன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"தைரியமா இருடா. உள்ள இருட்டுதான். யாரும் உன்னப் பாக்க முடியாது. அப்பா வேற வந்துடுவாரு," என்று சொல்லி, திருநீறு வைத்துவிட்டு வந்தாள்.

முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் அவளும் அமிர்தமும் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள். நாலு மணி ஆயிற்று. கோகிலாவும் இரண்டு பெண்களும் கடவுள் வாழ்த்துப் பாடினார்கள். தலைமை விருந்தாளியாக வந்திருந்தவர், அந்தக் காலத்தில் கொம்யூனுக்கு மேராக, அதாவது ஊர்ச் சபைக்குத் தலைவராக, இருந்த பெரியவர். வெள்ளைக் கோட்டும் வெள்ளி முனைக் கைத்தடியுமாக வந்து உட்கார்ந்தார். கும்மி முடிந்தது. கோலாட்டம் முடிந்தது. பை மட்டும் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

அப்போது கோகிலா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அம்மா, தம்பி..."

"தம்பிக்கு ஒண்ணும் ஆவாது. நீ போய் உன் வேலையப் பாரு."

"அது இல்லம்மா, அங்க..."

"கோகிலா, நாடகம் ஆரம்பிக்கப் போவுது. மறைக்காத, போடி!"

கோகிலா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திரை விலகியது. நடு மேடையில் மாமரம் நின்றது. கூட்டம் ஒரு கணம் அசந்து போயிற்று. பூவும் தளிருமாக, மேல் கிளை மேடைக் கூரையைத் தொட்டுக்கொண்டு, அசையாமல் நின்றது மரம். கமலவேணிக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா அமிர்தம், ஒரு ஆட்டம் இருக்குதா பாரு. எப்படி நிக்கிறான்!"

அரசன் மாரிமுத்து அட்டைக் கோடாலியோடு வந்தான். குடை வந்தது, மந்திரிகள் வந்தார்கள்.

"மாமரமே! உன்னை வெட்டி எனக்கு அரியணை செய்யப் போகிறேன்!"

மரம் பேசவில்லை.

அரசன் மந்திரியைப் பார்த்தான். மந்திரி திரை ஓரத்தைப் பார்த்தான். திரை ஓரத்தில் சௌந்தரராஜன் சார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னை வெட்டப் போகிறேன்!" என்றான் அரசன் இன்னும் பலமாக.

மரம் மௌனம்.

கமலவேணிக்கு வியர்த்தது. "மன்னா... மன்னா..." என்று உதட்டை அசைத்தாள்.

"டேய் மரமே! வெட்டவா, வேணாவா?" என்றான் அரசன் பொறுமை இழந்து.

மரம் தொண்டையைச் செருமியது. கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"என்ன பேரு வெட்டணும்?"

கொட்டகை அதிர்ந்தது. கடைத்தெருப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மேர் ஐயா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார். அரசன் மிரண்டு போய், தன்னையறியாமல் பதில் சொன்னான்.

"மா... மாரிமுத்து."

"இனிஷியலோடவா?"

அமிர்தம் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னாக்கா, குரலு இவ்ளோ கனமா இருக்குது?" என்றாள்.

"பனங்கற்கண்டு," என்றாள் கமலவேணி. "வேலை செஞ்சிருக்குது பாரு. லீவு நாள்ல கடையிலேயே குந்திக்கினு இருக்கானா, அதான் வாயில வருது."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் மரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு இன்னொரு குலுக்கு. வலப்பக்கக் கிளை இடப்பக்கக் கிளையை அடித்தது. மரத்தின் நடுவில் எங்கிருந்தோ "ஸ்... ஆ... ஐயய்யோ!" என்று சத்தம் கிளம்பியது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த தபேலாக்காரர் ஒருவர் தன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"முசுறுடா! மரம் பூரா முசுறு எறும்புடா!"

மரம் ஆடத் தொடங்கியது. சாதாரண ஆட்டமா! கோலாட்டமும் கும்மியும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மேலே குதித்தது, சுழன்றது, பக்கவாட்டில் ஓடியது. ஒரே பூ மழை. ஆடிக்கொண்டே அரசன் பக்கம் வந்தது.

"சார், மரம் வருது சார்!" என்று அரசன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினான். மந்திரிகள் ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். தபேலாக்காரர் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து மரத்தின் ஆட்டத்துக்கு ஏற்றபடி வாசிக்கத் தொடங்கினார்.

கமலவேணி நாற்காலிமேல் ஏறிவிட்டாள். ஊரே சிரிக்கிறது, பிள்ளை எறும்புக் கடியில் துடிக்கிறான். ஆனாலும் வசனம் பாக்கி இருக்கிறதே!

"டேய்! மன்னா, என்னை வெட்டாதே!" என்று கத்தினாள்.

மரம் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. மேடையில் மன்னனும் இல்லை, மந்திரியும் இல்லை. மரம் இரண்டு கிளைகளையும் அவளை நோக்கி நீட்டி, ஊர் முழுக்கக் கேட்கும்படி முழங்கியது.

"மன்னா, என்னை வெட்டாதே! என் நிழலில்தான் உன் குடிகள் இளைப்பாறுகிறார்கள்! ஐயோ! ஐயையோ!"

சௌந்தரராஜன் சார் திரைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து திரை மரத்தின் தலையில் விழுந்தது. திரையையும் போர்த்திக்கொண்டு மரம் பின்பக்கம் பாய்ந்து மறைந்தது. சிறிது நேரத்தில் பள்ளிக்கூடக் கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மேர் ஐயா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார்.

"எனக்கு எழுவது வயசு ஆவுது. இந்த மாதிரி ஒரு நாடகத்தப் பாத்ததில்ல. மொதப் பரிசு மாமரத்துக்கு. எங்க, அந்த மரத்தக் கூப்பிடுங்க."

சௌந்தரராஜன் சார் முன்னால் வந்து, கீழே பார்த்துக்கொண்டு, "மரம் இப்ப வர்ற நிலைமையில இல்லீங்க ஐயா," என்றார்.

"அப்ப பெத்தவங்க யாராவது வந்து வாங்கிக்கட்டும்."

கமலவேணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினாள். ஒன்பது வருஷம் கீழே உட்கார்ந்து பார்த்த மேடை. மேலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. ஜனங்கள் எல்லோரும் தெரிந்தார்கள். பை உட்கார்ந்திருந்த நாற்காலியும் தெரிந்தது. பரிசுப் பேனாவைக் கையில் கொடுத்த மேர் ஐயா, "ரெண்டு வார்த்தை பேசும்மா," என்றார்.

அவள் பேசினாள். பேசாமல் இருப்பாளா?

"என் பிள்ளை எறும்புக் கடியிலயும் வசனத்த மறக்கல. இந்த ரெண்டு வரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவனுக்கு அப்பா ஒருத்தர் இருக்காரு. உங்க எல்லாருக்கும் தெரியும். அண்டா குண்டாவ வுட்டுட்டு இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அவரு ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல. இன்னிக்கும் வரல. அவருக்கு இதெல்லாம் பாக்கக் குடுத்து வெக்கல. அவ்ளோதான்."

கூட்டம் உருக்கமாகக் கைதட்டியது. கிணற்றடியில் யாரோ வாளியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

இறங்கி வந்து உட்கார்ந்ததும் அமிர்தம் அவள் கையைப் பிடித்தாள். "இருந்தாலும் மைக்குல சொல்லிட்டியே அக்கா."

"சொன்னா இன்னா? வூர் தெரிஞ்சிக்கட்டும். நான் வூட்டுக்குப் போயி வாயத் தொறக்கப் போறதில்ல. மரம் எப்படி ஆடிச்சுன்னு கேட்டுக் கேட்டு ஏங்கணும் அந்த மனுசன்."

இத்தனை அருமையான கதை இனி வருமா? அவர் சிரிப்பதைப் பார்க்காமல் இதை அவள் எத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியும்? ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பிறகு அதை மூன்று நாளாகக் குறைத்தாள்.

அந்த நேரத்தில் நாற்காலிகளுக்கு நடுவே, தோளில் ஒரு புது அண்டாவைச் சுமந்துகொண்டு, வெளியூர் ஆள் ஒருவர் வழி கேட்டுக்கொண்டே வந்தார். பார்த்தால் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் போல முகத்தில் அவசரம் இருந்தது.

"எம்மா, இங்க மரமா நடிச்சது யாரும்மா?"

கமலவேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியூர் வரைக்கும் பேர் பரவிவிட்டது!

"என் பிள்ளைதாங்க. நாடகம் பாத்தீங்களா?"

"நாடகம் எங்கம்மா பாத்தேன்? என் பேரு குழந்தைவேலு, பண்டசோழநல்லூரு. அண்டாவுக்குப் பேரு வெட்டணும்னு கடைத்தெருவுல குந்திக்கினே இருக்கேன். ஆறு மணி பஸ்ஸு போச்சுன்னா அப்புறம் பஸ்ஸு கெடையாது."

"அதுக்கு மரத்த ஏன் தேடறீங்க?"

அவர் அண்டாவை இறக்கி, பை இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கினார்.

"பாத்திரக் கடையில ஒரு பொடிப் பையன்தாம்மா குந்திக்கினு இருக்கான், 'நான் மேடைக்குப் பயந்து ஓடியாந்துட்டேன், எனக்குப் பதிலா எங்கப்பா மரமா நிக்கப் போயிருக்காரு, ஆட்டம் முடிஞ்சதும் வந்து வெட்டித் தருவாரு, அதுவரைக்கும் எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்றான்!"